செல்வி அக்காவின் கொண்டலாத்தி

காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, மூலையோடு மூலை சேருகிறதா என்று பார்க்கும் என் செல்வி அக்காவுக்கு,

எதிர்வீட்டில் மேலே ஒரு மாடி கட்டிவிட்டார்கள். உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். காலையில் நம் முன்னறைத் தரையில் பாய் விரித்தாற்போல் கிடக்குமே ஜன்னல் வெளிச்சம், அது இப்போது அவர்கள் சுவரோடு நின்றுவிடுகிறது. புடவைகளை மாடிப்படியின் மேல் திருப்பத்தில் வைத்துப் படமெடுக்கிறேன். அரக்குச் சிவப்பு பரவாயில்லை. மாம்பழ மஞ்சள்தான் வெளுத்துப்போகிறது. நீ இருந்திருந்தால் ஒரு வெள்ளைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே நல்ல வெளிச்சம் விழுகிறது என்று வீடு முழுக்கச் சுற்றிவந்திருப்பாய்.

இந்தக் கடிதத்தை இணையத்தில் இருக்கும் நம் பக்கத்தில்தான் போடப்போகிறேன். நீ மடித்ததையெல்லாம் நான் படமெடுத்துப் போட்டுவந்த அதே பக்கத்தில். அதனால் நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: நானும் அக்காவும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஆரணியில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். அவள் களம்பூர்க்காரி, அண்ணனைக் கட்டியவள். நான் முள்ளிப்பட்டுக்காரி, தம்பியைக் கட்டியவள். வீட்டின் பின்னறையில் இரண்டு பட்டுத்தறி. ஆண்கள் இருவரும் நெய்வார்கள். தறியிலிருந்து இறங்கும் புடவையை அக்கா மடிப்பாள், நான் போனில் படமெடுத்துக் கடைகளுக்கு அனுப்புவேன். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று தெரு எதிர்பார்த்தது. எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வந்த புதிதில் உன்னை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டேன். "இன்னாத்துக்குடி நீங்க வாங்கன்னுகினு? ஒரே அடுப்பாண்ட நின்னு வேவறோம்" என்றாய். அன்றைக்கு நீ எனக்கு 'நீ' ஆனாய்.

உன் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். ஆனால் நேராகக் கூப்பிட்டுப் பேசியதே கிடையாது. தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது என்று அவருக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியாது. நான் எதிரிலேயே நிற்பேன். "மஞ்சுகிட்ட தண்ணி கேளு" என்று உன்னிடம் சொல்வார். நானும் உன்னைப் பார்த்து, "சொம்புல வச்சிருக்கேன்னு சொல்லுக்கா" என்பேன். நடுவில் நின்று நீ சிரிப்பாய். "எனக்கு வாய் வலிக்குது. ரெண்டு பேரும் நேரா பேசிக்கங்களேன்." நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நீதான் இருந்தாயே, எங்களுக்கு என்ன அவசரம்?

மடிப்பது உனக்குப் புதிதில்லை. சரிகை நசுங்காமல், முந்தானை மேலே தெரிய, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய தாள் வைத்து நீ மடித்த புடவையைப் பிரித்துப் பார்க்கவே கடைக்காரர்கள் யோசிப்பார்கள். நீ காகிதத்துக்குப் போனது, பாவு நூல் வராமல் தறி இரண்டும் சும்மா கிடந்த ஒரு மழைக்காலத்தில். உன் மகள் ரேவதி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரர்கள் கொக்கு மடிக்கும் வீடியோ ஒன்றைப் போனில் காட்டினாள். நீ பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாய். புடவைக்கு வைத்து மீந்த தாளைச் சதுரமாகக் கிழித்து, பேசிக்கொண்டே மடித்துத் தரையில் வைத்தாய். ஃபேன் காற்றில் அந்தக் கொக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

அதை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். ஃபேனை நிறுத்தச் சொன்னேன். மூச்சு பட்டாலும் அது ஆடியது. "மூச்ச புடிக்கா." "நீ ஜல்தி எடுடி, நான் செத்துடப்போறேன்." அன்று எவ்வளவு சிரித்தோம். அந்த வார்த்தை இப்போது என்ன செய்கிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்?

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தாள் தப்பவில்லை. சரிகை சுற்றி வரும் மினுங்கும் தாள், மாத்திரை அட்டையோடு வரும் நோட்டீஸ், கிழித்துப்போட்ட காலண்டர் தேதி. ஆமை செய்தாய், தவளை செய்தாய், விரல் நகத்தளவு முயல் செய்தாய். சின்னதாகச் செய்யச் செய்ய எனக்குப் பேஜார். கிட்டே போனால் போன் மங்கலாகக் காட்டும், தள்ளிப் போனால் முயல் புள்ளியாகிவிடும். அதற்குள் கல்யாணமாகி ஓசூர் போயிருந்த ரேவதி, போனில் மாட்டும் குட்டி லென்ஸ் ஒன்று வாங்கி அனுப்பினாள். அதன் வழியாக முதல்முதலாகப் பார்த்தபோது, உன் மடிப்புகளின் விளிம்பு ஒன்றுகூடப் பிசிறில்லாமல் இருந்ததைக் கண்டு போனை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா ஆச்சு, தப்பா கீதா?" என்று பயந்துபோய்க் கேட்டாய்.

கமண்டல நதி மணலில் உன் நண்டை வைத்துப் படமெடுத்தோமே, நினைவிருக்கிறதா? செங்கல் நிறக் காகித நண்டு. வெயில் சாயும் நேரம், ஒவ்வொரு காலுக்கும் ஒரு நிழல். நம் பக்கத்தில் போட்டதும், ஆற்றில் தண்ணீரே இல்லையே, நண்டு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். நீ அதை மாமாவிடம் மூன்று வேளையும் சொல்லிக் காட்டினாய்.

யானைக் கூட்டத்தைத் தறி மரத்தின் மேல் வரிசையாக நிறுத்தி எடுக்க ஆசைப்பட்டது நான். மாமா நெய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் யானைகள் நடுங்கின, ஒன்று விழுந்தது. நிறுத்தச் சொல்ல நம் இருவருக்கும் வாய் வரவில்லை. அவரே நிறுத்தினார். இழை அறுந்ததுபோல் குனிந்து எதையோ தேடினார். நான் எடுத்து முடிக்கும்வரை அந்த இழை கிடைக்கவில்லை. கிடைத்ததா என்று நீயும் கேட்கவில்லை.

கொண்டலாத்தி வந்தது கடைசியில். களம்பூரில் உன் அம்மா வீட்டுக் களத்தில் அந்தப் பறவை வந்து நெல்லுக்கு நடுவே பூச்சி பொறுக்கும் என்பாய். உட்கார்ந்ததும் தலையில் விசிறி விரிவதுபோல் கொண்டையை விரித்து மூடுமாம். "அது விரியணும் மஞ்சு. சும்மா கொண்டை வச்சிகினு உக்காந்தா அது கோழி." அதை யாரும் சொல்லித்தரவில்லை, எந்த வீடியோவிலும் இல்லை. புடவைப் பெட்டிக்குள் விரிக்கும் தாள், ஒரு பக்கம் செம்மண் நிறம், மறுபக்கம் வெள்ளை. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய். எத்தனை தாள் கசங்கியது என்று நான் எண்ணவில்லை. பொங்கலுக்கு ஆரம்பித்தது சித்திரை வெயிலில் வந்தது.

வாலை மெல்ல அமுக்கினால் கொண்டை விரிந்தது. விட்டால் மூடிக்கொண்டது. விரியும்போது உள்ளிருக்கும் வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்து மறைந்தது. நான் கையில் வைத்துக்கொண்டு அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். "போதும்டி, அதுக்குக் கழுத்து வலிக்கும்" என்று பிடுங்கிக்கொண்டாய்.

மடிப்பதை வீடியோ எடுக்கலாம் என்றேன். எவ்வளவு பேர் கேட்டார்கள். "இரு. இன்னும் கழுத்து சரியா வரல. சரியானதும் எடுக்கலாம்." எனக்காவது சொல்லிக் கொடு என்றேன். "எனக்கே தெரியாதுடி. கை போவுது, நான் பின்னாலயே போறேன்" என்றாய். செய்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தாய். பால் கொண்டுவருபவருக்கு ஒன்று, புடவை வாங்க வந்த கல்யாணப் பெண்ணுக்கு ஒன்று.

பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்தோம். ஆரணியில் பார்த்து, வேலூருக்குப் போகச் சொல்லி, போனோம். ரத்தத்தில் கோளாறு என்றார்கள். உடம்பில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். அங்கேயும் நீ சும்மா இல்லை. மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாய். இரவு டியூட்டி நர்ஸ் பெண்ணுக்கு ஒரு கொண்டலாத்தி செய்துகொடுத்தாய். அந்தத் தாள் வழுவழுப்பு, கொண்டை விரியவில்லை. "வீட்டுக்குப் போனதும் நல்லதா ஒண்ணு செஞ்சி அனுப்புறேம்மா" என்று அவளிடம் சொன்னாய். நானும் நம்பினேன் அக்கா. நீ வீட்டுக்குத்தான் போகப்போகிறாய் என்று நானும் நம்பினேன்.

நீ போன பிறகு வீட்டில் பேச்சு எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. பசித்தால் மாமா தறியை விட்டு எழுந்து கூடத்துக்கு வருவார். சுவரைப் பார்த்து, "சாப்பாடு ஆச்சுன்னா சாப்புடலாம்" என்பார். நான் கதவைப் பார்த்து, "ஆயிடுச்சி" என்பேன். என் வீட்டுக்காரர் இருந்தால் அவர் மூலமாக. அவர் இல்லாத நேரங்களில் சுவரும் கதவும். நீ நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த இடம் இவ்வளவு பெரியது என்று நீ இருக்கும்போது தெரியவில்லை.

நம் பக்கத்தில் எதுவும் போடவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திறப்பேன், பார்ப்பேன், மூடிவிடுவேன்.

நீ செய்த கொண்டலாத்திகளில் வீட்டில் ஒன்றுதான் மிஞ்சியது. ஸ்வீட் கடை டப்பா ஒன்றில், மூடி வழியாகத் தெரியும்படி வைத்து, மாமா அதைத் தன் தறிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துக்கொண்டார். யாரும் தொடுவதில்லை. நான் பெருக்கும்போதுகூட மாடத்தைச் சுற்றிக்கொண்டு போவேன்.

இப்போது நல்ல செய்தி. ரேவதி உண்டாகியிருக்கிறாள். உன் தெவசம் முடிந்து, ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு என்று பேசி முடித்தோம். ஓசூரில் வேண்டாம், அம்மா வீட்டிலேயே செய்யுங்கள் என்று அவள் மாமியாரே சொல்லிவிட்டார்கள். முன்கூட்டியே வந்துவிட்டாள். வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"சித்தி, வளையல் போட வர்றவங்களுக்கு தாம்பூலப் பையில அம்மாவோட கொண்டலாத்தி ஒண்ணொண்ணு வைக்கணும். நான் மடிக்கிறேன். எப்படின்னு காட்டுங்க."

"எனக்குத் தெரியாதேம்மா."

"நீங்கதான பக்கத்துல இருந்தீங்க?"

பக்கத்தில்தான் இருந்தேன். பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் போனில் இருந்த படங்களையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து, கொண்டை விரிந்தபடி, மூடியபடி. எல்லாம் முடிந்த பறவை. படத்துக்கு முன்னால் நீ கையை எடுத்துவிடுவாய், நானும் பறவை மட்டும் தெரியட்டும் என்று காத்திருந்து எடுப்பேன். ஒரே ஒரு படத்தில் உன் கட்டைவிரல் ஓரமாக, மங்கலாக வந்திருந்தது. ரேவதி அதைப் பெரிதாக்கினாள். மேலும் பெரிதாக்கினாள். நகத்தோரம் சாயப் பட்டின் ஊதா. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

படத்தைப் பார்த்து மடித்துப் பார்த்தாள். கோழி வந்தது. நீ சொன்ன அதே கோழி. மறுநாள் வாத்துபோல் ஒன்று. கொண்டை வருமிடத்தில் தாள் கிழிந்தது. அன்று மாலை அவள் பின்னறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, அந்த டப்பாவ குடுங்க. ஒரு வாட்டி பிரிச்சிப் பாத்துட்டு திருப்பி மடிச்சிடறேன்."

மாமா தறியில் ஓடும் நாடாவை நிறுத்தவில்லை. "அதாண்ட போவாத."

"அம்மா எப்படி செஞ்சாங்கன்னு வேற எப்படிப்பா தெரியும்?"

"தெரிய வேணாம்."

"அது ஒண்ணும் அம்மா இல்லப்பா. காயிதம்."

தறி நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "காயிதந்தான்" என்றார். "பிரிச்சா அதுவும் இருக்காது."

ரேவதி அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்ச் சமாதானம் செய்திருப்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி மாடிக்குப் போய்விட்டாள். நான் கூடத்தில் நின்றேன். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நீ இருந்தால் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பாய்? எனக்கு அது தெரியவில்லை. போய்ச் சாதம் வடித்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருந்தாள். கசங்கிய தாள்கள் உருண்டு கீழ்ப்படி வரை சேர்ந்துகொண்டே போயின. மாமா கிணற்றடிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டு போனார். ஒருமுறை குனிந்து ஒரு கசங்கலை எடுத்து, தொடையில் வைத்து நீவி, பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஒரு மஞ்சள் புடவையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். ரேவதி பக்கத்தில் இருந்தாள். மாமா படியேறி வந்தார். கையில் அந்த டப்பா. அதற்காகக் கை கழுவித் துடைத்திருந்தார், முழங்கை வரை ஈரம். வந்து எங்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். நான் புடவையை அள்ளிக்கொண்டு நகரப் போனேன்.

"இரும்மா மஞ்சு" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சுவரைப் பார்க்கவில்லை, ரேவதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பிரிக்கிறேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நீ படம் எடு. ஒண்ணும் விடாத."

"சரிங்க மாமா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. எத்தனை வருஷம் கழித்து, அக்கா. நீ இருந்தால் கைகொட்டிச் சிரித்திருப்பாய். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளை வேட்டியை மடித்துப் படியில் விரித்தேன். மாமா பறவையை எடுத்து வைத்தார். பிரிப்பதற்கு முன்னால் வாலை ஒருமுறை அமுக்கினார். கொண்டை விரிந்தது. விட்டார், மூடியது. மறுபடி அமுக்கவில்லை. "எடுத்துட்டியா?" என்றார். எடுத்திருந்தேன்.

முதலில் அலகு. பிறகு கால்கள். தறியில் சிக்கிய பட்டிழையை எடுப்பாரே, அப்படி விரல் நுனியால், இழுக்காமல், எங்கே விடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார். ஒவ்வொரு மடிப்பு விடும்போதும் கையை எடுக்கப் போனார். "வேணாம் மாமா, கை இருக்கட்டும். எப்படிப் புடிக்கறீங்கன்னு தெரியணும்" என்றேன். அவர் கை அப்படியே இருந்தது. நான் எடுத்தேன்.

கழுத்தருகே வந்தபோது தாள் சட்டென்று திறந்துகொண்டது. ஒரு மடிப்பு விடவேண்டிய இடத்தில் நாலைந்து சேர்ந்து ஒரே நேரத்தில் விட்டன. கொண்டை இருந்தது, அடுத்த கணம் அகலமான வெறும் தாள் அவர் கையில். வால் பக்கம் கொஞ்சம் கிழிந்தது. நான் பட்டனை அமுக்கினேன், ஆனால் அதற்குள் ஆகிவிட்டிருந்தது. வீடியோ எடுக்கலாம் என்று அன்று என் புத்திக்குத் தோன்றவே இல்லை.

"வந்துச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா."

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. தன் கையைத்தான் பார்த்தார். "அது அவளோட வேல" என்றார். "அந்த எடத்த அவ எப்படி புடிச்சாளோ."

மிச்சத்தையும் பிரித்தார். சதுரத் தாள் முழுதாக வேட்டியின் மேல் கிடந்தது. செம்மண் பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே. ரேவதி குனிந்து பார்த்தாள். தாளைத் தூக்கி மறுபக்கமும் பார்த்தாள்.

"ஒண்ணும் எழுதல" என்றாள்.

"உங்கம்மா எழுதறவ இல்லம்மா" என்றார் மாமா. அப்போதுதான் ரேவதி அழுதாள். அவர் மேல்துண்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தாளை உள்ளங்கையால் ஒருமுறை நீவினார். அதிகம் நீவவில்லை. மடிப்புகள் அழிந்துவிடும் என்று பயந்தார் போலிருக்கிறது.

அதைத் திரும்ப மடிக்க வேண்டாம் என்று மூவருக்கும் தோன்றியது. கிழிசல் இன்னும் பெரிதாகும். சாயங்காலம் மேற்கு வெளிச்சம் படியில் சாய்வாக விழுந்தபோது அந்தத் தாளை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் வெறும் கசங்கல். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நின்றது. மலை மேலிருந்து பார்த்தால் வயல் வரப்புகள் தெரியுமே, அதுபோல. நீ அமர்த்திய கோடு, நீ மனம் மாறி விட்டுவிட்ட கோடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்துப் பார்த்ததால் தேய்ந்துபோன கோடு. நான் எடுத்த படங்களில் இதுதான் நல்ல படம் அக்கா. நம் பக்கத்தில் போட்டேன். உன் காலத்துக்குப் பிறகு போட்ட முதல் படம். இது என்ன என்று கேட்டவர்களுக்கு, இது ஒரு கொண்டலாத்தி என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

நான் எடுத்த படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு மாற்றி அடுக்கி, ரேவதி மடிக்கத் தொடங்கினாள். பாதிவரை தடையில்லாமல் போனது. கழுத்தில் வந்து நின்றது. அந்த ஒரு கணம் எங்களிடம் இல்லை. எப்படியெல்லாமோ அழுத்திப் பார்த்தாள். கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கழுத்து உன்னுடையதைவிடக் குட்டை. கொண்டை எழுந்து நிற்கிறது. ஆனால் வாலை அமுக்கினால் விரிவதில்லை. முழுநேரமும் விரிந்தே இருக்கிறது.

"அம்மாது மாதிரி இல்ல" என்று நீட்டினாள்.

மாமா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோழி இல்ல. அது வரைக்கும் சரி" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

வளைகாப்பு நல்லபடி நடந்தது. முள்ளிப்பட்டிலிருந்தும் களம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அரக்குச் சிவப்பில் மாமா நெய்த புடவையைத்தான் ரேவதி கட்டினாள். நான் மடித்திருந்தேன். மடிப்புக் கோடுகள் கொஞ்சம் கோணல், யாரும் சொல்லவில்லை. உன் இடத்தில் நின்று முதல் வளையலை நான் போட்டேன். "அழாதீங்க சித்தி, நீங்க அழுதா நானும் அழுவேன்" என்று அவள் காதோரம் சொன்னாள். அழாமல் இருந்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே.

தாம்பூலப் பையில் எல்லாருக்கும் ஒரு பறவை. பெண்கள் வீட்டுக்குப் போகும்முன் எடுத்துப் பார்த்தார்கள். உன் அண்ணி, பழைய பழக்கத்தில், வாலை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "இது ரேவதி செஞ்சது" என்றேன். அவள் அதை இன்னும் பத்திரமாகப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்தக் கழுத்து மடிப்பு இன்றுவரை எங்களுக்குப் பிடிபடவில்லை. பால் கொண்டுவருபவரிடம் கேட்டேன், மழையில் நனைந்து போய்விட்டது என்றார். அந்த நர்ஸ் பெண்ணிடம் ஒன்று இருக்கும். போய்க் கேட்கலாம்தான். ஆனால் அது அவளுக்கு நீ கொடுத்தது. அதையும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று பிற்பகல் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரேவதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து உன் வழியைத் தேடி ஒரு தாளை மடித்துக்கொண்டிருந்தேன். மாமா சாப்பாட்டுக்குப் பிறகு தறிக்குப் போகவில்லை. வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு காயிதம் குடும்மா."

கொடுத்தேன். முதல் மடிப்பையே கோணலாக மடித்தார். பட்டில் ஒரு இழை விலகினால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு மூலை சேரவில்லை. பிரித்தார், மறுபடி மடித்தார். "இதையே அவ்ளோ நேரம் பண்ணிகினு இருந்தாளே" என்றார். "ஒரு நாளு பக்கத்துல உக்காந்து பாத்திருக்கலாம்." அவர் உனக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை. நான் அவருடைய தாளின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன், அவர் மறுமூலையைக் கொண்டுவந்து சேர்த்தார்.

ரேவதி பிரசவம் முடிந்து பிள்ளையோடு ஓசூர் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் பேச்சுக்காரர் இல்லை, உனக்குத் தெரியும். இனி இந்த வீட்டில் பிற்பகல்கள் நீளமாக இருக்கும். ஒன்று சொல்கிறேன் அக்கா, மனதில் வைத்துக்கொள். சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவரோடு படியில் உட்காருவேன். மடிப்பு வந்தாலும் வராவிட்டாலும் உட்காருவேன். உன்னைப் பற்றிக் கேட்பேன், அவர் சொல்லட்டும். நான் பார்த்த உன்னை நான் சொல்வேன். உன் வீட்டுக்காரரைத் தனியாகச் சாப்பிடவிட மாட்டேன், தனியாகப் பேசவிட மாட்டேன்.

ஒரே அடுப்பில் உன்னோடு வெந்த ஓரகத்தி,
உன் கூடப் பிறக்காத தங்கை
மஞ்சு